முழுப் பழம்

இன்று காலை மகன் பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்தான். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தேன். வாசனை எதிர்வீட்டுக் கதவு வரை போனது. அங்கே இப்போது நீங்கள் இல்லை. அக்கா என்று கூப்பிட்டுப் பழகிய வாய்தான், எழுதும்போது அந்தச் சொல் வர மறுக்கிறது.

ஒரே பிளாக், எதிரெதிர் குவார்ட்டர்ஸ், இருபது வருஷம். சீசன் தவறாமல் பழம் கொடுத்தேன். "அறுக்காதே தங்கச்சி, முழுசா குடு. நானே பிரிச்சுக்கறேன்" என்பீர்கள். எவ்வளவு சுறுசுறுப்பு என்று மருமகளிடம் உங்களை மெச்சிக்கொண்டேன். ஐந்தாவதோடு நின்றவள்தான் நான். ஆனாலும் இவ்வளவு மக்காக இருந்திருக்க வேண்டாம்.

என் பேத்தி கயலும் உங்கள் பேத்தி நித்யாவும் ஒன்றாக சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். உங்களைக் கயல் பாட்டி என்பாள். என்னை எங்கள் ஊர் வழக்கப்படி ஆயா என்பாள். பிளஸ் ஒன்னில் புது வகுப்பு. முதல் வாரமே யார் எந்த ஆளுங்க என்று பெண்கள் ஒருவரையொருவர் துருவியிருக்கிறார்கள். கயல் வாயடைத்து வந்தாள். அவளைக் கூப்பிட்டு நீங்கள் சொன்ன புத்தி பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஆனி மாதம் ஒருநாள் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுடன் பள்ளிக்கூடம் போனேன். மரத்தடியில் தோழிகளோடு இருந்தாள். "யாருடி அது?" என்றாள் ஒருத்தி.

"ஆயா" என்றாள் கயல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில் பேத்தி என்னை ஆயா என்று சொல்கிறாள்! உடனே அந்தப் பெண் தன் எச்சில் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினாள். "ஆயா, இதையும் கழுவிக் குடுங்க."

பள்ளிக்கூடத்தில் ஆயா என்றால் கூட்டிக் கழுவுகிறவள். கயலைப் பார்த்தேன். அவள் மண்ணைப் பார்த்தாள். நித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பேத்தியின் பொய் எல்லார் முன்னும் உடைய வேண்டாம் என்று குழாயடிக்குப் போய் அந்த டப்பாவைக் கழுவிக் கொடுத்தேன்.

சாயங்காலம் கயல் அழுதுகொண்டே சொன்னாள். "எதிர்வீட்டுப் பாட்டிதான் சொன்னாங்க ஆயா. 'எங்க சொந்தம்னு சொல்லிக்கோடி. உன் நெறத்துக்கு யாரும் சந்தேகப்பட மாட்டாங்க. உங்க ஆயாவ மட்டும் அந்தப் பக்கம் வரவுடாத'ன்னு."

நான் கறுப்பு. என் முகத்திலேயே சாதி எழுதியிருக்கிறது என்பது உங்கள் கண்டுபிடிப்பு.

உங்கள் வீட்டுக்கு வந்தேன். "நல்லதுக்குத்தான சொன்னேன் தங்கச்சி, புள்ள மேல வரணும்ல" என்றீர்கள். தட்டில் கொண்டுவந்த சுளையை நீட்டினேன்.

"சக்கரை இருக்குது எனக்கு."

"முழுப் பழத்துல இல்லாத சக்கரை, நான் அறுத்தா மட்டும் வந்துடுமாக்கா?"

நீங்கள் தட்டைத் தொடவே இல்லை.

மறுநாள் கயல் வகுப்பில் சொல்லிவிட்டாள். "நேத்து வந்தது எங்க அப்பாவைப் பெத்த ஆயா. ஊர்ல நாங்க காலனி ஆளுங்க. நித்யாவுக்குச் சொந்தம்னு சொன்னது பொய்." நித்யா பெஞ்சு மாறி உட்கார்ந்தாள். யார் வளர்ப்பு! டப்பா நீட்டிய பெண் மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை அவளுக்கு. ஒன்பது சுளை தின்றுவிட்டுப் போனாள். உங்களுக்கு இருபது வருஷத்தில் நான் அறுத்த ஒரு சுளைக்கு வாய் திறக்கவில்லை.

கயல் இப்போது காலேஜில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டிலேயே "ஆயா!" என்று கத்துகிறாள். மனசு நிறையத்தான் செய்கிறது. ஆனால் அதற்கு முன் என் கண், அவள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று ஒருதரம் பார்த்துவிடுகிறது. நீங்கள் எனக்குக் கொடுத்தது இது ஒன்றுதான். இதையும் முழுசாகத்தான் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள்.