பன்னிரண்டாவது கணக்கு

பிளானோ, டெக்சாஸ்
21.10.1999, வியாழன் இரவு

அன்புள்ள வான்மதி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறையில் இருக்கும் மீனாக்ஷி அக்காவிடம்கூட வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடு, அதையும் ஹாஸ்டல் குப்பைத் தொட்டியில் போடாமல் வெளியே எங்காவது போடு. அம்மா உனக்கு எழுதும் கடிதத்தில் கடைசி நாலு வரியை எனக்கு விட்டுவைப்பாள் அல்லவா, அதில் இதை எழுத முடியாது, ஒட்டுவதற்கு முன் அப்பா ஒருமுறை வாசிப்பார். போனில் சொல்லலாம் என்றால் போன் ஹாலில் இருக்கிறது, அப்பாவும் இப்போது ஹாலில்தான் இருக்கிறார். அதனால் போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

உனக்குக் காய்ச்சல் விட்டிருக்கும், ஒழுங்காகச் சாப்பிடுவாய் என்று நம்பித்தான் அம்மா ஒவ்வொரு கடிதத்தையும் தொடங்குவாள், நானும் அப்படியே நம்பிக்கொள்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மா டிரைவிங் டெஸ்டில் இரண்டாவது முறையும் தேறவில்லை, வண்டியை நிறுத்தும்போது கோட்டைத் தாண்டிவிட்டாளாம், பரீட்சை வைத்தவர் மூஞ்சியைப் பார்த்தாலே எல்லாம் மறந்துபோகிறது என்கிறாள். அப்பாவுக்கு டிசம்பர் முப்பத்தொன்று வரை லீவே கிடையாது, சனிக்கிழமையும் ஆபீஸ், இரண்டாயிரம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்கள் வருஷத்தைத் தப்பாக எடுத்து நின்றுவிடாமல் சரிசெய்யும் வேலை அல்லவா. ஜனவரி பிறந்து கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒழுங்காக ஓடிவிட்டால் அப்புறம் இவர்களுக்கு அப்பா எதற்கு என்று அம்மா ஒருநாள் கேட்டாள், அப்பா எழுந்து போய்விட்டார். கிரீன் கார்டு வரும்வரை நம் பேரில் ஒரு சின்னப் புகார்கூட வரக்கூடாது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள். அக்கா, இப்போது ஒன்று வந்திருக்கிறது, அது என்னால் வந்தது.

உனக்கு முதலில் இந்தக் கால்குலேட்டர் விஷயத்தைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றும் புரியாது. நீ பிளஸ் டூவில் லாகரிதம் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது, பரீட்சை ஹாலுக்குள் கால்குலேட்டர் கொண்டுபோனால் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று சொல்வாய். இங்கே கொண்டுபோகாவிட்டால்தான் திட்டு. சாதாரணமானது இல்லை, சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைவைத் திரையில் வரைந்து காட்டும் கிராஃபிங் கால்குலேட்டர். எங்கள் கணக்கு வகுப்புச் சுவரில் துணியில் பை பையாகத் தைத்து மாட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு பையிலும் ஒன்று. நான் வந்த புதிதில் எண்பத்தொன்று என்று நம்பர் போட்டவை இருந்தன, திரை மங்கிப்போய், ஒரு கோடு வரைய அவ்வளவு நேரம் எடுக்கும். அடுத்த வருஷம் எண்பத்திரண்டு வந்தது, அதற்கு அடியில் ஒரு துளை, ஒயர் செருகினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எதை வேண்டுமானாலும் அனுப்பலாம், பையன்கள் விளையாட்டு அனுப்பிக்கொள்வார்கள். அதனால் இப்போது டெஸ்டுக்கு முன்னால் எங்கள் டீச்சர் மிசஸ் ஹாஃப்மன் ஒவ்வொரு மேசையாக வந்து நினைவகத்தை அழித்துவிட்டுத்தான் தாளைக் கொடுப்பார். என்னிடம் இருப்பது பள்ளிக்கூடத்து எண்பத்திரண்டு, பதினேழாம் பை, வீட்டுக்குக் கொண்டுபோக அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். போன வருஷம் எண்பத்தொன்பது என்று ஒன்று வந்திருக்கிறது அக்கா. அது வளைவு வரைவதோடு நிற்பதில்லை, காரணிப்படுத்தும், வகைக்கெழு காணும், விடையைப் புத்தகத்தில் அச்சடித்த மாதிரி ரூட் குறியோடு அப்படியே காட்டும். அதை எங்கள் வகுப்பில் டெஸ்டுக்குக் கொண்டுவரக் கூடாது. டீச்சர் ஒருநாள் சொன்னார், நான் வேலைக்குச் சேர்ந்தபோது கால்குலேட்டரே கூடாது என்றார்கள், அப்புறம் கட்டாயம் என்றார்கள், இப்போது எது கூடும் எது கூடாது என்று பட்டியல் எழுதுவதே என் வேலையாகிவிட்டது என்று. சொல்லிவிட்டுச் சிரித்தார். நல்லவர்தான் அக்கா.

திங்கட்கிழமை சரஸ்வதி பூஜை. விடியற்காலையில் எழுந்து அம்மா என் புத்தகங்களை அடுக்கினாள், அப்பாவின் ஆபீஸ் அட்டையை வைத்தாள், மேலே இந்தக் கால்குலேட்டரையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டாள். கீழே போய்க் காருக்கும் பொட்டு வைத்து டயருக்கு எலுமிச்சம்பழமும் வைத்தாள், எதிர்வீட்டுக்காரர் நாயைப் பிடித்துக்கொண்டு நின்று முழுவதையும் பார்த்தார். எனக்கு அன்றைக்கு நாலாவது பீரியடில் டெஸ்ட். எடுக்கட்டுமா என்று கேட்டேன். “பூசைல வெச்சதை நாளைக்குக் காலைல எடுத்துப் படிச்சாத்தான் வித்தை வரும். ஒருநாள் மனசுலயே போடு கண்ணு, உங்கக்கா எல்லாம் மெஷினை வெச்சா படிச்சா” என்றாள். கையில் போடுவது எனக்குக் கஷ்டம் இல்லை. ஆனால் பதினேழாம் எண் எங்கே என்று டீச்சர் கேட்டால் என்ன சொல்வது? சாமிக்குப் படைத்திருக்கிறோம் என்று இங்கிலீஷில் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் ரூபிகாவிடம் சொன்னேன், யாழ்ப்பாணத்துப் பெண் என்று முன்பு எழுதியிருந்தேனே, அவள்தான். “அதுக்கேன் பயப்பிடுறாய்? அண்ணான்ர மெஷின் என்ர பையிலதான் கிடக்கு, மேசையில சும்மா வை. நீ அதைத் தொடத்தானே மாட்டாய்” என்று அவள் அண்ணன் பிரணவனுடையதைக் கொடுத்தாள். அது எண்பத்தொன்பது. தெரிந்துதான் வாங்கினேன். டீச்சர் நினைவகத்தை அழிக்க வந்தபோது மடியில் மறைத்துக்கொண்டு, ஏற்கனவே அழித்தாகிவிட்டது என்று தலையாட்டினேன்.

பன்னிரண்டு கணக்கு. பதினொன்றைக் கையிலேயே போட்டேன் அக்கா, நீ சொல்லிக்கொடுத்த மாதிரி, ரூட்டை உடைக்காமல், தசமத்துக்குப் போகாமல், பேனாவில். கால்குலேட்டர் மூடி போட்டபடிதான் இருந்தது. பன்னிரண்டாவதும் போட்டு முடித்துவிட்டேன், ஒரு கோணத்தின் சைன் மதிப்பு, விடை கழித்தல் குறியோடு வந்தது. ஐந்து நிமிஷம் மிச்சம் இருந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும் மூடியைத் திறந்தேன். திரையில் அதே விடை வந்தது, அதே ரூட், அதே வகுத்தல், முன்னால் கழித்தல் குறி மட்டும் இல்லை. நான் என் குறியை அடித்துவிட்டேன். அப்புறம் மேலே இரண்டு வரி தேடி, எங்கே தப்பு என்று கண்டுபிடித்து அதையும் திருத்தினேன். அவ்வளவுதான். மூடியைப் போடுவதற்குள் டீச்சர் பக்கத்தில் வந்துவிட்டார். இதை நீ பயன்படுத்தினாயா என்று கேட்டார். தொடவே இல்லை என்று சொன்னேன். அந்த வார்த்தை எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை, கேட்ட உடனே வந்துவிட்டது. அவர் அதை வாங்கி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார்.

இன்றைக்குத் தாளைத் திருத்திவிட்டுக் கூப்பிட்டார். பன்னிரண்டும் சரி. அதுதான் அக்கா குற்றம். வகுப்பில் எல்லோருடைய விடையும் புள்ளி வைத்த தசமம், என்னுடையது மட்டும் ரூட் மூன்று, ரூட் இரண்டு. எண்பத்திரண்டு இப்படிக் காட்டாது, எண்பத்தொன்பதுதான் காட்டும் என்றார். எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான் எழுதுவோம், தசமத்தில் எழுதினால் மார்க் போய்விடும் என்றேன், அவர் நம்ப விரும்புகிற மாதிரிதான் பார்த்தார். அப்புறம் அவர், நான் அந்த மெஷினை இன்னும் திறக்கவில்லை, நாளைக் காலை எட்டு மணிக்கு உன் பெற்றோர் முன்னால்தான் திறப்பேன், அதுதான் உனக்கும் நியாயம் என்றார். கடைசியாகப் போட்டது திரையிலேயே இருக்கும் அக்கா. அணைத்தாலும் போகாது. ரூபிகா மத்தியானம் சொல்லித்தான் எனக்கே தெரியும். காப்பி அடித்ததாக எழுதிவிட்டால் அது பள்ளிக்கூட ரெக்கார்டில் ஏறும், காலேஜ் வரைக்கும் வரும். அப்பாவின் கிரீன் கார்டு ஃபைலுக்கும் போகுமா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை, உனக்கும் தெரியாது என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

பள்ளிக்கூடத்துக் கடிதத்தை அப்பாவிடம் கொடுத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பூஜை, ரூபிகா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அதைத் தொட்டயா என்று. இல்லை என்று இரண்டாவது முறையும் சொன்னேன். உடனே அவர் முகமே மாறிவிட்டது. “என்ற பொண்ணு கைலயே போடுவான்னு அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும், நான் காட்டறேன்” என்றார். அம்மா பூஜையில் வைத்த கால்குலேட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைக்கப் போனாள், “தொடைச்சறாத மரகதம், அதுதான் சாட்சி, அப்படியே கொண்டுபோவோம்” என்றார். “ஆபீசுக்கு நேரமாகுமே” என்று அம்மா கேட்டதற்கு, “ஒருநாள் ஆகட்டும், இதுக்குப் போகாம வேற எதுக்குப் போறது” என்றார். இந்த இரண்டு வருஷத்தில் ஆபீசுக்கு நேரமானால் ஆகட்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. கடிதத்தோடு கேள்வித்தாளும் என் விடைத்தாளின் ஜெராக்ஸும் வைத்திருந்தார்கள். “உன் விடையைப் பாக்காம நானே பன்னண்டையும் கைல போடறேன், இருவது வருசம் ஆச்சு, இருந்தாலும் வரும். நானே போடறப்ப நீ போட மாட்டயான்னு கேப்பேன்” என்று ஒன்பது மணிக்கு உட்கார்ந்தார், இப்போது பன்னிரண்டு ஆகப்போகிறது. தாளைத் திருப்பும் சத்தம் இங்கே கேட்கிறது. நடுவில் ஒருமுறை தனியாகச் சிரித்தார்.

நாளைக்கு அந்தம்மா டிராயரைத் திறப்பார். அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து, இவள் தொடவே இல்லை என்று தன் இங்கிலீஷில் சொல்லி முடித்திருப்பார். அப்புறம் திரையில் அந்த விடை தெரியும். எனக்கு முட்டை மார்க் வந்தால்கூடப் பரவாயில்லை அக்கா, அந்த நேரத்தில் அப்பா என்னைத் திரும்பிப் பார்ப்பார் அல்லவா, அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை. இப்போதே போய்ச் சொல்லலாம் என்று மூன்று முறை கதவுவரை போனேன். நீ இருந்தால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாய். இந்தக் கடிதம் உன்னிடம் வரப் பத்து நாள் ஆகும், உன் பதில் வர இன்னும் பத்து நாள், நாளைக் காலைக்கு அதனால் எந்த உபயோகமும் இல்லை என்று எனக்குத் தெரியும். யாரிடமாவது ஒருமுறையாவது உண்மையை முழுவதும் சொல்லிப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

அம்மா கடைசியில் எழுதுவதை எல்லாம் இப்போதே எழுதிவிடுகிறேன், அப்புறம் நேரம் கிடைக்குமோ என்னவோ. தலைக்குக் குளித்தால் காயவைத்துவிட்டுப் படு. மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. தீபாவளிக்குப் பசுபதி மாமா வீட்டுக்குப் போனால் போனதும் ஒரு வரி போடு, போகாவிட்டாலும் போடு. மருதமலையான் உன் கூடவே இருப்பான், எனக்காகவும் ஒருமுறை படியேறி அவனிடம் சொல். மறுபடியும் சொல்கிறேன், கிழித்துவிடு. கையெழுத்தையும் போட்டுவிடுகிறேன்.

உன் தங்கை
தென்றல்

அக்கா, நாற்காலி நகர்ந்தது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம்தான் வருகிறது. கதவைத் தட்டுகிறார். திறக்காமல் வெளியிலிருந்தே பேசுகிறார். “ஏங்கண்ணு, முழிச்சிருக்கறயா? பதினொண்ணும் வந்துருச்சு. பன்னண்டாவதுக்கு மட்டும் எனக்கு மைனஸ்லயே வருது. மூணு தடவ போட்டுட்டேன். உன்ற தாளைப் பாத்தா நீயும் மொதல்ல மைனஸ் போட்டு அடிச்சிருக்கற. அப்பனுக்கே தெரியல, நீ எப்படிச் சாமி கண்டுபுடிச்ச?”

இதைத் தலையணைக்கு அடியில் வைக்க நேரம் இருக்கிறது. ஆனால் அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம் அக்கா, நான்