நாற்றமில்லாத உலை

நாள் 211. காலை 6:10
நாற்பது உலைகளும் எரிகின்றன. இதுவரை மூன்றில் கல்கரியைத் தள்ளியாயிற்று. புகை இல்லை. இந்தச் சிறுகோளின் தாரைச் சுட்டு, இரும்பு உருக்க உதவும் கல்கரியாக்குகிறோம். உலையில் கிளம்பும் வாயுவைக் கழுவி, நாற்றத்தை எடுத்து, அந்த வாயுவையே திரும்ப உலையில் எரிக்கிறோம். மிச்ச வாயு குழாயில் போய் எங்கள் குடியிருப்பைச் சூடாக்குகிறது. செலவு பாதி. பூமியில் உலையில் நின்றால் முகமே கரியாகும். இங்கே மாப்பிள்ளை மாதிரி வேலை செய்கிறேன்.

எழுதுவது கலியபெருமாள். வயது அறுபத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பு, அதுவும் இரண்டு தடவை.

ஜோடி ஆள் தனபால் குடியிருப்பிலிருந்து ரேடியோவில்: "அண்ணே, தலை வலிக்குது. கொஞ்ச நேரம் படுத்துக்கிறேன்."

"தள்ளுற வேலைன்னா உனக்குத் தலை வலிக்கும், சோத்தைப் பார்த்தா சரியாயிடும். படுடா ராசா, வெத்தலை மடிச்சு அனுப்பவா?"

சிரித்தான்.

காலை 9:40
கூப்பிட்டேன், பதில் இல்லை. உலை மேடையிலிருந்து கவசத்தைக் கழற்றாமல் நேராகப் போனேன். கன்னம் இரண்டும் சிவந்து, பெண் பார்க்கக் கிளம்பியவன் மாதிரி படுத்திருந்தான். அதைச் சொல்லிச் சீண்டத்தான் தோளைத் தொட்டேன்.

ஆள் போய்விட்டான்.

காலை 9:55
சுவரில் இருக்கும் வாயு மீட்டரின் மேல் பிளாஸ்டிக் உறை. கட்டியது நான். வெள்ளிக்கிழமை தனபால் சாம்பிராணி போட்டால் அது கத்தும். "மூக்கு இருக்கிறப்ப இது எதுக்குடா?" என்றேன். முப்பது வருடம் உலையில் நின்றவனுக்கு மூக்குதான் மீட்டர். கசிந்தால் அழுகிய முட்டை நாறும், ஓடிவிடுவோம். இங்கே நாற்றத்தைக் கழுவி எடுக்கிறோம் என்று தெரிந்தும் கட்டினேன்.

உறையை அவிழ்த்தேன். கத்திக்கொண்டே இருக்கிறது.

காலை 10:20
ரேடியோவில் தலைமை நிலையத்து இன்ஜினியர் ஜெசிந்தா.

"பெரியவரே, இன்னிக்கு என்ன விளையாட்டு?"

"தனபால் செத்துட்டான்மா. கேஸ் கசியுது."

"கேஸை மூடிறாதீங்க. உலை ஆறினா செங்கல் வெடிச்சிரும். நாப்பதும் போயிடும்."

எனக்கும் தெரியும். பற்ற வைத்த நாளிலிருந்து இடிக்கும் நாள்வரை உலையை ஆற விடமாட்டான் உலைக்காரன். அதனால் அவள் சொன்னபடி மூடாமல் விட்டேன். கசிவு சுவருக்குப் பின்னால், கை எட்டாது. வெளிக்கதவைத் திறந்து காற்று முழுவதையும் வெளியேற்றி, புதுக் காற்று நிரப்பினேன். வெற்றிடத்தில் மீட்டர் செத்துப்போனது. கேஸ் பட்டால் கறுக்கும் சோதனைத் தாள் கையில் இருந்தது, இருபதே நிமிடத்தில் கறுத்துவிட்டது.

மாலை நான்கு மணிக்கு மாற்று ஆட்கள் ஒன்பது பேர் கப்பலில் வருகிறார்கள். நேராகக் குடியிருப்புக்குள் இறங்கி, கவசத்தைக் கழற்றி ஆணியில் மாட்டுவார்கள். அவர்களோடு நான் பேச முடியாது, நிலையம் வழியாகத்தான்.

"அவங்களுக்குச் சொல்லிட்டியாம்மா?"

"மேல கேட்டிருக்கேன் பெரியவரே."

பகல் 1:15
"சொல்லிட்டியா?"

"இப்ப பீதி வேணாம்ங்கிறாங்க. மெக்கானிக் வந்து பாத்துக்குவாராம்."

"எந்த மூச்சுல பாப்பானாம்?"

உலைக்கும் குடியிருப்புக்கும் கேஸ் போவது உலை மேடையில் இருக்கும் ஒரே பெரிய வால்வு வழியாக. போய் அதன் சக்கரத்தைச் சுற்றி மூடினேன். என் கைக்குள்ளேயே அது திரும்பித் திறந்தது.

"யாருமா தொறக்கிறது?"

"நான் இல்லை பெரியவரே. மேலேருந்து மோட்டாரைப் போடுறாங்க." குரல் உடைந்திருந்தது.

பகல் 1:50
மூன்று தடவை மூடினேன், மூன்று தடவை திறந்தார்கள். மோட்டார் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள். சாவி கப்பலில் வரும் மெக்கானிக்கிடம்.

நான்காவது தடவை மூடிவிட்டு, குடியிருப்பில் மறுபடி காற்றை மாற்றினேன். அதற்குள் திறந்திருந்தது. ஐந்தாவது தடவை மூடி, இடது காலைச் சக்கரத்தின் கம்பிகளுக்குள் கொடுத்துச் சங்கிலியால் கட்டிக்கொண்டேன். மோட்டார் முனகுகிறது. சுற்றவில்லை.

என் காற்று 3:20 வரை. மாற்று சிலிண்டர் குடியிருப்பில், போனபோது எடுக்கத் தோன்றவில்லை. எடுக்கப் போனால் சக்கரம் சுற்றிவிடும்.

பகல் 2:40
முதல் செங்கல் வெடித்தது. இங்கே காதில் விழாது, எலும்பில் விழுகிறது. அப்புறம் வரிசையாக. என் வாழ்நாளில் ஓர் உலையை நான் ஆற விட்டதில்லை.

"பெரியவரே, காலை எடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கிறேன், காத்து தீரப்போகுது."

"எடுத்தா ஓடிருவேன்மா. என்னை நம்பக் கூடாது."

அழுதாள். அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

பகல் 3:10
வந்தவர்களுக்கு. என்னை நகர்த்தாதீர்கள். முதலில் மெக்கானிக் பெட்டியைத் திறந்து மோட்டார் ஒயரை அறுக்கட்டும். அதுவரை யாரும் கவசத்தைக் கழற்ற வேண்டாம். தனபாலைப் பார்த்து அழுவதானாலும் போட்டுக்கொண்டே அழுங்கள். இந்தக் கேஸில் செத்தவன் சிவந்து நல்ல நிறமாக இருப்பான், ஏமாறாதீர்கள்.

ரேடியோவில் ஜெசிந்தா இல்லை. அவள் நாற்காலியில் வேறு யாரோ. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "கலியபெருமாள், ஒத்துழையுங்கள்" என்றது, வாசித்துக் காட்டுகிற குரலில்.

மோட்டாருக்கு மின்சாரத்தைக் கூட்டியிருக்கிறார்கள். முழங்கால் போய்விட்டது. வலி இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

3:17
சக்கரம் அரை விரல் நகர்ந்தது. இன்னொரு கால் இருக்கிறது. அதையும் உள்ளே கொடுத்து