கோளாறு இல்லாத கார்

ஆகஸ்ட் 4, செவ்வாய்

மத்தியானம் பட்டறை வாசலில் நின்று தக்காளி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சட்டையெல்லாம் மயோனைஸ். அந்த நேரம் பார்த்து ஒருவன் வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான். "நீங்க ஹார்லன் ஸ்ட்ரூப்தானே? பானெட் பறந்துபோயும் விடாம பந்தயத்தை ஓட்டி முடிச்சீங்களே, அந்த ஹார்லன்?" ஆமாம் என்றேன். போட்டோ எடுத்துக்கொண்டான். போகிற போக்கில், "இப்ப ஏன் சார் உங்க கார் மட்டும் ஞாயித்துக்கிழமையானா ரிப்பேர் ஆயிடுது?" என்றான். குசும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் வயிற்றெரிச்சல்.

என் டீமின் பந்தயக் கார் ரிப்பேர் ஆவதே இல்லை. தகுதிச் சுற்றில் வேகம் காட்டி உள்ளே நுழைந்துவிட்டால், கடைசியாக வந்தாலும் ஒரு தொகை உண்டு. முழுப் பந்தயமும் ஓடினால் டயருக்கும் ஆளுக்குமே அதைவிடக் கூடுதலாகப் போய்விடும். அதனால் ஆறு வருஷமாக இருபது முப்பது சுற்று ஓடிவிட்டு, ஏதோ கோளாறு என்று கேரேஜுக்குள் நுழைந்துவிடுகிறோம். போன வாரம் பிரேக் என்றோம். இந்த வாரம் அதிர்வு. பதினோரு பேர் இந்தப் பிழைப்பில் சாப்பிடுகிறார்கள். என்னையும் என் மனைவி வெர்னாவையும் சேர்த்தால் பதிமூன்று.

இதை எல்லாரும் அறிவார்கள். வாசலில் வந்து நின்ற அந்த ஒருவனைத் தவிர.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

பந்தயத்துக்கு முன்னால் போதகர் வந்து காருக்குப் பக்கத்தில் ஜெபம் பண்ணினார். "இந்த வண்டியைக் கடைசிவரை காத்தருளும்" என்றார். நானும் ஹோய்ட்டும் தலையைக் குனிந்தபடி ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். ஹோய்ட் வெர்னாவின் அண்ணன். நான் ஓட்டிய காலத்திலிருந்து என் தலைமை மெக்கானிக். ஜெபம் முடிந்ததும் காதருகே வந்து, "மாப்ளே, கடவுளுக்கும் அதிர்வுன்னே சொல்லிடலாமா?" என்றான். சிரித்துவிட்டேன். சிரித்தது பிடிக்கவில்லை.

இருபத்தாறாவது சுற்றில் ரேடியோ பொத்தானை அழுத்தினேன். "வேட், வந்துடு." என் ஓட்டுநர் வேட் பதினெட்டாவது இடத்தில் இருந்தான். அதுவும் பழைய டயரில்! பதிலே வரவில்லை. ஒரு சுற்று. இன்னும் ஒரு சுற்று. பிறகு வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றாமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மேலே கூட்டம் வேறு யாருக்கோ கத்திக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

வேட் அலுவலக அறைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"முதலாளி, ஒண்ணு சொல்லணும். வாராவாரம் போய் நிறுத்துறத விட்டுடலாம். வருஷத்துல ஆறே ஆறு பந்தயம் போவோம். ஆறையும் முழுசா ஓட்டுவோம். மத்த நாள்ல அடுத்தவன் காரை வாங்கி வேலை பாப்போம்."

"ஆறு ஞாயித்துக்கிழமைய வச்சு பதினோரு குடும்பம் எப்படிடா சாப்பிடும்?"

"எனக்கு முப்பத்தாறு வயசு ஆச்சு. மறுபடி நல்ல டீம்காரன் எவனாவது கூப்பிடணும்னா நான் ஓட்டுறத அவன் பார்க்கணும். நான் நிறுத்துறதத்தான் எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க."

"எனக்கு மட்டும் ஆசை இல்லைன்னா நெனைக்கிற? காசு இருந்தா இன்னைக்கே ஓடுன்னு சொல்லிருவேன்" என்றேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். போய்விட்டான். கதவை மெதுவாகச் சாத்தினான். ஓங்கி அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் என்ன செய்ய? சொந்தமாக டீம் வைத்தால் யார் பேச்சையும் கேட்க வேண்டாம் என்றுதானே வைத்தேன். இப்போது டயர்க்காரன் பேச்சு, பேங்க்காரன் பேச்சு, வெல்டரின் மகளுக்குக் கல்யாணம் என்றால் அந்தப் பேச்சு. விடவும் முடியவில்லை, ஓடவும் முடியவில்லை. காருக்குள் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டியிருந்த காலத்தில்கூட நான் இப்படி மாட்டிக்கொண்டதில்லை.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

பிரேக்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

இன்று டென்னசியில். வேட்டின் சொந்த ஊர்ப் பக்கம். அவன் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். ஸ்டேடியத்துக்கு வெளியே கார்கள் முட்டிக்கொண்டு நின்றதில் மனுஷன் வண்டியை எங்கோ விட்டுவிட்டு நடந்தே வந்திருக்கிறார்.

இருபத்தோராவது சுற்றில் கூப்பிட்டேன். வேட் உடனே வந்துவிட்டான்.

கேரேஜில் காருக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்தபோது பெரியவர் வந்து சேர்ந்தார். ஒரு கையில் ஹாட் டாக், இன்னொரு கையில் மகனின் எண் எழுதிய புதுத் தொப்பி. "வரிசைல நின்னுட்டு இருந்தேம்ப்பா. ஆரம்பிச்சிருச்சுன்னு சத்தம் கேட்டுது, சரி, ரெண்டு கடி கடிச்சிட்டு மேல போவோம்னு நெனச்சேன்." வேட் என்னைப் பார்த்தான். பிறகு, "வண்டி பழுதாயிடுச்சுப்பா" என்றான். பெரியவர் என் கையைப் பிடித்து, "பரவால்ல சார், இயந்திரம்தானே. நீங்க என் பையனுக்கு வாய்ப்பு குடுத்திருக்கீங்க, அதுவே போதும்" என்றார்.

ச்சே! அந்த மனுஷன் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

வேட் விலகிவிட்டான். சண்டை போடவில்லை. "ஊர்ல மச்சான் கூரை வேலை பாக்குறான், அவன்கூட போறேன்" என்றான்.

"கூரை மேல ஏறி என்னடா பண்ணப் போற?"

"ஒரு பக்கம் ஆரம்பிச்சா மறுபக்கம் வரைக்கும் போட்டு முடிப்பாங்க முதலாளி."

ஆகஸ்ட் 26, புதன்

யாரிடமும் பேசப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 1, செவ்வாய்

மூன்று பேரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒருவன் குடிகாரன். ஒருவன் அப்பா பணத்தில் ஓட்டுகிற பொடியன். சுவரைக் கண்டால் நேராகப் போய்ச் சொருகுவான். மூன்றாமவன் போனை எடுக்கவேயில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. என் லைசென்ஸ் இன்னும் செல்லும். வேகம் குறைந்த சின்ன அரை மைல் பந்தயத் தளத்தில் ஓட்ட யாரும் தடுக்க மாட்டார்கள். வர்ஜீனியாவில் பதிமூன்றாம் தேதி அப்படி ஒரு பந்தயம் இருக்கிறது. நானே ஓட்டுகிறேன், அதையும் கடைசிச் சுற்று வரைக்கும்!

ஹோய்ட்டிடம் சொன்னதும் ரென்ச்சைக் கீழே வைத்தான். "மாப்ளே, உனக்கு அம்பத்தெட்டு."

"தெரியும்."

"டயருக்கு?"

"படகை விக்கப் போறேன்."

எழுந்து கிட்டே வந்தான். அப்புறம் அந்தத் தடியன் என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் வைத்தான். கிரீஸ் வாடை இன்னும் போகவில்லை.

வெர்னாவிடம் சாப்பாட்டு மேஜையில் சொன்னேன். பீன்ஸ் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். "யோவ், காலையில சாக்ஸ் போடவே கட்டில் காலைப் பிடிக்கிற ஆளு நீ. இவரு காரு ஓட்டப் போறாராம்!" கொஞ்ச நேரம் கழித்து, "ஆறு வருஷமா செத்தவன் மாதிரி திரிஞ்ச. போ. போய் ஓட்டித் தொலை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும்தான்.

செப்டம்பர் 8, செவ்வாய்

பட்டறையில் திருவிழா. ஒருவரும் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகவில்லை. வெல்டர் காருக்கு மூன்று தடவை மெருகு போட்டான். கதவுக்கு மேலே பெயின்டர் என் பெயரை எழுதினான். ஆறு வருஷமாகக் கழுத்தைப் பிடித்த கயிறு தளர்ந்த மாதிரி இருக்கிறது. ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன்.

செப்டம்பர் 11, வெள்ளி

தகுதி பெற்றுவிட்டேன்! முப்பத்தோராவது இடம். ஒரே ஒரு சுற்றை வேகமாக ஓட்ட இந்தக் கிழவனுக்கு இன்னும் தெரிகிறது. ஹோய்ட் குதித்ததில் அவன் பல்செட் கழன்றுவிட்டது.

செப்டம்பர் 13, ஞாயிறு

அதிர்வு.

செப்டம்பர் 14, திங்கள்

நேற்று ஒரு வார்த்தைக்கு மேல் எழுத முடியவில்லை. இன்று எழுதித்தான் ஆக வேண்டும்.

எல்லாமே சரியாக இருந்தது. புது டயர்கள் சுவரோரம் அடுக்கி இருந்தன. எங்கள் ஆட்கள் ஆறு வருஷத்தில் முதல்முறையாக டயர் மாற்றத் தயாராகக் குந்தியிருந்தார்கள். ஓட்டுநர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தபோது என் பெயருக்குக் கூட்டம் எழுந்து நின்றது. எழுந்தே விட்டது! நான் தொப்பியைக் கழற்றி ஆட்டினேன். மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்: இன்னைக்கு யாரும் என்னைக் கூப்பிட முடியாது.

பச்சைக் கொடி. பத்து சுற்று வரை சந்தோஷம். இரண்டு பேரைத் தாண்டினேன். பதினைந்தில் எனக்கு முன்னால் ஒருவன் சுழன்றான். புகைக்குள் நுழைந்து வெளியே வந்தேன். யார் மீதும் இடிக்கவில்லை, ஒரு கீறல்கூட இல்லை. ஹோய்ட் ரேடியோவில், "அடி சக்கை! அதான் என் மாப்ளே!" என்று கத்தினான்.

அதன் பிறகு முன்னால் யாரும் இல்லாத இடத்திலும் என் கால் பிரேக்குக்குப் போனது. திரும்பத் திரும்பப் போனது.

தளத்திலிருந்து கேரேஜுக்குப் போக உள்பக்கமாக ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் அது கண்ணில் பட்டது. முதலில் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அப்புறம் அது எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன். இன்னும் நானூற்றுச் சொச்சம் சுற்று பாக்கி. தோளில் வலி. எப்போதடா முடியும் என்று இருந்தது. நானா? நானா இப்படி நினைத்தேன்?

இருபத்தெட்டாவது சுற்றில் வண்டியைத் திருப்பிவிட்டேன்.

ஒருவரும் கூப்பிடவில்லை. ஹோய்ட் பொத்தானைத் தொடவில்லை. நான்தான் பொத்தானை அழுத்தி, "அதிர்வு, பயங்கரமா அதிருது" என்றேன். எங்கள் ஆட்கள் ஓடி வந்து காரை ஜாக்கியில் ஏற்றிப் பார்த்தார்கள். நிஜம் என்று நம்பி, சக்கரம் சக்கரமாகப் பார்த்தார்கள். பாவிகள், எத்தனை வேகமாக வேலை பார்த்தார்கள்! "சரிபண்ணிடலாம், திரும்பப் போயிடலாம்" என்றான் வெல்டர். ஹோய்ட் அடியில் படுத்து நெடுநேரம் பார்த்துவிட்டு எழுந்தான். என் முகத்தைப் பார்த்தான். "போதும்பா, இறக்குங்க" என்று ஆட்களிடம் சொன்னான். கோளாறு என்ன என்று யாருக்கும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை.

காசு இல்லை, காசு இல்லை என்று வேட்டிடம் எத்தனை தடவை சொன்னேன். டயர் அங்கே அடுக்கி இருந்தது! எனக்குப் பயம். இதுதான் விஷயம். எத்தனை வருஷமாகப் பயம் என்றுகூடத் தெரியவில்லை. நிறுத்துகிற பழக்கம் எனக்குச் சுகமாகிவிட்டிருக்கிறது. என் பயத்துக்கு அந்தப் பையனின் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

செப்டம்பர் 15, செவ்வாய்

வெர்னாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். "கார்ல இருந்து இறங்கினப்ப உன் மூஞ்சியைப் பார்த்தேன், அப்பவே தெரியும்" என்றாள். முட்டைப் பொரியலைத் தட்டில் தள்ளினாள். "இப்ப என்ன பண்ணப் போற, அதைச் சொல்லு."

தெரியவில்லை என்றேன்.

"தெரியும். சொல்ல வாய் வரல."

செப்டம்பர் 19, சனி

டென்னசி போய் வந்தேன். வேட் ஒரு தேவாலயக் கூரை மேல் இருந்தான். ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். கீழே இறங்கி வரச் சொல்லிக் கேட்கிற தைரியம் இல்லை. அவன் ஆணி அடித்துக்கொண்டே கேட்டான்.

"டிவில பார்த்தேன். நிஜமாவே ஏதோ ஒடஞ்சிருக்கும்னு நெனச்சேன்" என்றான்.

"ஒடஞ்சது கார் இல்ல."

அடிப்பதை நிறுத்தினான்.

"வருஷத்துக்கு ஆறுன்னு சொன்னியே, நீ சொன்ன மாதிரியே பண்ணுவோம். ரேடியோ ஹோய்ட் கையில. நான் அதைத் தொட மாட்டேன். ஏரி வீட்டை விக்கிறோம். நாலு பேரை அனுப்பறேன், அவங்களுக்கு வேற பட்டறைல பேசிட்டேன்."

"நாலு பேரையா?" என்றான்.

"ஆமா."  அந்த நாலு பேரிடமும் கிளம்பும் முன்பே சொல்லியிருந்தேன். அவர்களில் ஒருவனான வெல்டர் என் கையைக் குலுக்கவில்லை.

"இந்தக் கூரையை முடிக்கணும்" என்றான் வேட். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 27, ஞாயிறு

இன்று எங்கும் போகவில்லை. வெர்னாவோடு தேவாலயத்துக்குப் போனேன். டிவியைப் போடவில்லை. நான்கு பேர் இல்லாத பட்டறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 6, செவ்வாய்

காலையில் வேட் வந்தான். பிக்கப்பின் பின்னால் அவனுடைய சொந்த இருக்கை. அவன் உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. ஓட்டுநர்கள் நாங்கள் எந்த டீமுக்குப் போனாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவோம். அதை இறக்கிப் பட்டறைத் தரையில் வைத்தான். ஹோய்ட் காபி ஊற்றினான். முதல் கோப்பையை வேட்டிடம் நீட்டினான்.

"கடைசிச் சுற்று வரைக்கும்தானே முதலாளி?" என்றான் வேட்.

"வரைக்கும்."

காருக்குள் என் இருக்கை இன்னும் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து போல்ட்டுகளைக் கழற்ற ஆரம்பித்தேன். மூன்று வந்துவிட்டன. நாலாவது அசையவில்லை. வேட் கையை உள்ளே நீட்டி, "குடுங்க, நான் பண்றேன்" என்றான்.

"தள்ளு. இதை நான்தான் கழட்டணும்" என்றேன்.