சபியாவின் மழைமானி

நவம்பர் 30, இரவு

கண் மங்கிவிட்டதால் நான் மழையைக் குறைத்து அளந்தேன் என்று தெருவில் கதைக்கிறார்கள். அது தவறு. மழைமானியின் கோடுகளை நான் கண்ணாடி இல்லாமலே வாசிக்கிறேன்.

இந்த மாதம் நாட்டில் முறியடிக்கப்பட்ட வானிலைச் சாதனைகளை இன்று வானொலியில் வாசித்தார்கள். மலைநாட்டின் குளிர், கிழக்குக் கரையின் காற்று, பிறகு எங்கள் குறிஞ்சிப்பிட்டியின் மழை. அந்த மழையை அளந்தவள் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சபியா. அவளுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்தவள் நான். என் மானியில் அவ்வளவு மழை இல்லை. மழை என்ன, வேலி பார்த்தா பெய்யும்?

அவளுடைய வெங்காயத் தோட்டத்துத் தண்ணீர் தெளிப்பான் மானிக்குள் அடித்திருக்கும் என்று நினைத்துப் பின்னேரம் போய்ப் பார்த்தேன். இந்த மழையில் யார் தண்ணீர் இறைப்பார்கள்? அது கொட்டிலுக்குள் கிடந்தது. மானி திறந்த வெளியில், நான் காட்டிக்கொடுத்தபடியே நேராக நின்றது.

"ராத்தா, உங்கட மாமரத்துக் கொப்பு உங்கட மானிக்கு மேலால வந்திருக்கே, பார்க்கல்லையா? மழைய அதுதான் குடிக்குது. வெட்டிருவமா?" என்று சிரித்தாள். தேநீர் தந்தாள். நான் குடிக்கவில்லை.

அந்த மரம் என் கணவர் நட்டது. அவர் மவுத்தாகி என்னை விட்டுப் போன பிறகு ஓர் இலையையும் நான் வெட்டவிட்டதில்லை.

வானிலைக் காரியாலயத்துக்கு நாளை இப்படி எழுதவேண்டும்: மரத்தைத் தொடாமல் மானியை மட்டும் நகர்த்தினால், என் பழைய அளவுகள் செல்லுபடியாகுமா? தயவுசெய்து சபியாவிடம் சொல்லி அனுப்பவேண்டாம். பதிலை எழுத்தில் எனக்கே அனுப்புங்கள்.