கம்ப்ரசருக்குப் போர்த்திய கம்பளி

உப்பல், ஹைதராபாத்

அன்புள்ள ஹில்டா அக்காவுக்கு ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா?

எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதாக என் மகன் நோவா உங்களிடம் சொன்னது உண்மையல்ல. பட்டறையில் பீரோக்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கம்ப்ரசருக்கு நான் கம்பளி போர்த்தியது உண்மை. இங்கே விடியற்காலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகி, மோட்டார் முனகிவிட்டு நின்றுவிடுகிறது. ஓடும்போது போர்த்தினால் சூடேறிக் கெடும் என்பது எனக்குத் தெரியாதா? மாலையில் டாங்கில் சேர்ந்த தண்ணீரை வடித்து, மெஷின் பாதி ஆறிய பிறகே மூடுகிறேன். இப்போது காலையில் உடனே ஓடுகிறது.

“தாலாட்டும் பாடிருங்கம்மா,” என்றார் பெயிண்டர் கொர்னேலியஸ்.

“நக்கோ, வேணாம், உங்க குரலுக்கே அது தூங்கிரும்,” என்றேன்.

என் வீட்டுக்காரர் காலமானபின் பட்டறையை நடத்துவது நான்தான். நோவா அதை விற்றுவிட்டு என்னை உங்களிடம் அனுப்பப் பார்க்கிறான். விற்காதே என்று நீங்கள் சொன்னால் கேட்பான்.

மெஷினுக்குப் போர்த்தியது என் கம்பளி. பழைய போர்வை ஏதும் இருந்தால் அனுப்புங்கள், நீங்கள் போர்த்தியதே போதும். ஆனால் என்னை வா என்று மட்டும் கூப்பிடாதீர்கள் அக்கா. நீங்கள் கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

கொர்னேலியஸ் வந்துவிட்டார், பட்டறையைத் திறக்க வேண்டும். பதிலைப் போனில் சொல்லாமல் கடிதமாகவே எழுதுங்கள்.

அன்புத் தங்கை,
எவாஞ்சலின்