அப்பா நிறுத்தமாட்டேன் என்கிற சீனக் குடிநீர்

பலெர்மோ, இத்தாலி,
ஜூன் 11

அன்பு மகள் கேசிகாவுக்கு,

அங்கே நீ ஒரு தலையிடிகூட இல்லாமல் சுகமாக இருக்க முருகன் துணை நிற்கட்டும். இங்கே அம்மா நல்ல சுகம். என் சுகத்தைப் பற்றி என்னைவிட உனக்குத்தான் கூடத் தெரியும் என்று நீ நினைப்பதால் அதை நான் எழுதவில்லை. போனில் கதைத்திருக்கலாம், ஆனால் நான் ஒரு வசனம் முடிக்குமுன் நீ மூன்று வசனம் சொல்லிவிடுவாய், பிறகு எனக்கு இருமல் வரும், அதையும் எனக்கு எதிரான சாட்சியாக எடுத்துக்கொள்வாய். கடிதத்தில் குறுக்கே கதைக்க முடியாது, ஆகவே முழுவதையும் வாசி.

நீ சொன்னபடி அம்மா என் சீன மருந்துப் பொட்டலங்கள் அத்தனையையும் கொண்டுபோய்ச் சந்தை மூலைக் குப்பைத்தொட்டியில், மீன் தலைகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார். ஏன் என்று கேட்டால், "லண்டன் ஆஸ்பத்திரியிலை மருந்து குடுக்கிற பிள்ளை சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். நான் சண்டை பிடிக்கவில்லை. இரண்டு கிழமை கழித்துப் போய் வேறு வாங்கிவந்தேன். இதை எழுதும்போது அது அடுப்பில் அவிந்துகொண்டிருக்கிறது, வீடு முழுக்க மணக்கிறது, அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு என்னோடு கதைக்காமல் இருக்கிறார்.

தெருவில் போகிற யாரோ தந்த தூளைக் குடிக்கிறேன் என்று நீ நினைப்பது பிழை. பொலிதேயாமா சதுக்கத்துப் பக்கம் நான் படி கழுவுகிற கட்டடத்தில் மூன்றாம் மாடியில் சிஞ்ஞோரா லியூ என்றொரு சீனப் பெண் இருக்கிறார், அந்த வைத்தியத்தை முறையாகப் படித்தவர். ஜனவரியில் நுரையீரல் வருத்தத்தோடு பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பி வந்து, வாளியோடு அவருடைய கதவடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது அவராகத்தான் கதவைத் திறந்து என்ன வருத்தம் என்று விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டு முதலில் சொன்னது, அன்ரிபயோட்டிக்கை ஒரு நாள் நிறுத்தினாலும் தன்னிடம் வரக்கூடாது என்பதுதான். கிருமியோடு அது சண்டை பிடிக்கட்டும், தன்னுடைய மருந்து சளியை இளக்கி உடம்பைத் தேற்றப் பார்க்கும் என்றார். இதில் எங்கே ஏமாற்று இருக்கிறது சொல்.

கால் வீங்கினது உண்மை. அம்மா உனக்கு அனுப்பிய படமும் உண்மை. ஆனால் அது என் பிழை, லியூவின் பிழை இல்லை. ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், அரை மணித்தியாலம் அவித்தால் போதும் என்றுதான் அவர் எழுதித் தந்தார். அந்த வெளிறிய தண்ணீரைப் பார்த்தபோது இதுவும் ஒரு மருந்தா என்று எனக்குப் பட்டது. நம் வீடுகளில் குடிநீர் என்றால் எட்டில் ஒன்றாக வற்ற வேண்டுமே. இரண்டு பொட்டலங்களைச் சேர்த்துப் போட்டு, கறுப்பாக வற்றும்வரை அவித்து, காலையும் மாலையும் குடித்தேன். உள்ளே கிடந்த அதிமதுரத்தை எனக்குத் தெரியும், தொண்டை கட்டினால் சப்புகிற சாமான்தானே, அது கூடினால் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். செய்துவிட்டது. பத்தாம் நாள் பிறஷர் நூற்றெழுபத்தைந்து. என் கெட்டித்தனத்துக்கு நீ சிரிக்கலாம், அனுமதி தருகிறேன்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்கிற டொத்தோரெஸாவுக்கு எழுதிச் சொல்லப்போவதாக வெருட்டினாயே, நான் உன்னை முந்திவிட்டேன். குப்பைக்குப் போகாமல் என் வேலைப் பையில் கிடந்த கடைசிப் பொட்டலத்தை அவருடைய மேசையில் வைத்து, செய்ததெல்லாம் சொன்னேன். அவர் ஏசினார், நன்றாகவே ஏசினார். அதிமதுரம் கூடினால் இரத்தத்தில் பொட்டாசியம் இறங்குமாம், அது இறங்கிக் கிடக்கும்போது நான் போடுகிற அன்ரிபயோட்டிக்கும் சேர்ந்தால் இதயத்துடிப்பு தடம் மாறிப் போகுமாம். நீ சொன்னதும் அதுதான், அதில் நீ சரி, ஒப்புக்கொள்கிறேன். இரண்டு கிழமை ஒன்றும் குடிக்க வேண்டாம் என்றார், குடிக்கவில்லை. பிறகு லியூவோடு தானே போனில் கதைத்து, அதிமதுரத்தை முற்றாக எடுக்கச் சொல்லி, மிச்சச் சாமான்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு என் கோப்பில் எழுதிக்கொண்டார். எழுதி முடித்து என்னைப் பார்த்து, "இது வேலை செய்யும் என்று நான் சொல்லமாட்டேன், அது எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் ஒளித்துக் குடிப்பதைவிட எனக்குத் தெரியக் குடிப்பது நல்லது" என்றார். இரண்டு கிழமைக்கு ஒருதரம் இரத்தம் பார்க்கிறார்கள். பொட்டாசியக் கணக்குக் குறைந்தால் அன்றைக்கே நிறுத்துவேன், அந்த வாக்கை அவருக்குக் கொடுத்திருக்கிறேன். உனக்குக் கொடுக்கவில்லை, ஏனென்றால் நீ கேட்கவில்லை, உத்தரவு போட்டாய்.

நுரையீரலின் அடியில் குடியிருக்கிற கிருமி இனி முழுதாகப் போகாது, அடக்கித்தான் வைக்கலாம் என்று எனக்கு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஜனவரியில் மூக்கில் குழாயோடு கிடந்தபோது நான் பயந்தேன் கேசிகா. நீ பிளேனில் ஓடிவந்து என் கையைப் பிடித்தபோது உன் கை என் கையைவிடக் குளிர்ந்திருந்தது. அதை மறக்கவில்லை, உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கோர்ஸ் முடிந்து அடுத்த கோர்ஸ் வரும்வரை கதிரையில் சும்மா இரு என்று சொன்னால் என்னால் முடியாது. இப்போது சளி லேசாக வருகிறது, ஒரே மூச்சில் இரண்டாம் மாடிவரை கழுவுகிறேன். குடிநீராலா, அன்ரிபயோட்டிக் குளிசையாலா, வெயில் காலத்தாலா, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

குடிநீரை நிறுத்தாவிட்டால் இந்த முறை லீவுக்கு வரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாய். அது உன் விருப்பம். என் விருப்பத்தையும் கேள். செப்டெம்பர் நாலாம் திகதி இந்த ஊரைக் காக்கிற புனிதை சாந்தா றொசாலியாவின் நாள். இருபத்தேழு வருடம் அவருடைய கோயில் இருக்கிற மலையை நடந்து ஏறினவன், போன வருடம் பாதியில் மதிலில் குந்திவிட்டேன், என் கூட்டாளி தவராசா காரில் ஏற்றி இறக்கினார். இந்த முறை நடந்துதான் ஏறுவேன். டொத்தோரெஸாவிடம் கேட்டேன், ஆறுதலாக, நின்று நின்று ஏறலாம் என்றார்.

நேரத்துக்குச் சாப்பிடு, அடுத்தடுத்து இரண்டு டியூட்டி எடுக்காதே, பாணை மட்டும் கடித்துக்கொண்டு திரியாதே. எல்லாச் சுகமும் பெற்று நீடூழி வாழ அப்பாவின் ஆசீர்வாதம், அம்மாவின் முத்தங்கள். ஒன்றை மறந்துவிடாதே, என்னைத் தடுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு விடிய ஐந்து மணிக்கு மலையடியில் வந்து நில். நடக்கிற சப்பாத்து போட்டுக்கொண்டு வா, உனக்காக நான் நிற்கமாட்டேன், ஏசுகிறதென்றாலும் நீ என்னோடு நடந்துதான் ஏச வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குளிசையும் தவறவிடாத உன் அப்பா,
பேரின்பநாயகம்