கங்கு படுத்திருந்த கரை

கை முழுவதும் வேப்பெண்ணெய் வாடை. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. நம் நாய் கங்குவின் முன்னங்காலில் கருவேல முள் ஏறியிருந்தது. ஊசியால் நெம்பி எடுத்துவிட்டு, எண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவினேன். அது காலை என் மடியில் கொடுத்துவிட்டு, யாருடைய காலோ என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் முள் எடுக்கும்போதும் அப்படித்தான் இருக்கும். அதனால்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். வேறு காரணம் தெரியவில்லை.

சண்டை முடிந்து பட்டாளத்துக்காரர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறார்கள். சண்டைக்கு முன்பே நீங்கள் குதிரை லாயத்து வேலையை விட்டுவிட்டு இராஜபாளையம் ஸ்டேஷனில் வந்து இறங்கினீர்கள். ஒரு தகரப்பெட்டி, ஒரு கம்பளி, கயிற்றில் ஒரு நாய். வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வருகிறார் என்று புதுச்சேலை கட்டி வந்திருந்த நான் முதலில் அந்த நாயைத்தான் பார்த்தேன். காய்ந்த இரத்தம்போன்ற நிறம். விறைத்த காது. நரியா நாயா என்று சொல்ல முடியாத முகம்.

ஆஸ்திரேலியாவிலிருந்து பட்டாளத்துக்குக் குதிரைகளைக் கொண்டுவந்த கப்பலில் அது வந்ததாகச் சொன்னீர்கள். கூட்டி வந்த வெள்ளைக்காரன் காய்ச்சலில் செத்துப்போக, நாய் உங்கள் காலைச் சுற்றிக்கொண்டது. அந்த ஊரில் ஒரு ஆள் ஒரு நாயை மட்டும் வைத்துக்கொண்டு மந்தை மந்தையாக ஆடு மேய்ப்பான் என்றீர்கள். நான் நம்பவில்லை. மறுநாள் நம்முடைய ஆடுகளை அவிழ்த்துவிட்டு, ஜாக் என்ற அந்த நாயிடம் நீங்கள் கையைக் காட்டினீர்கள். அது தலையைத் தாழ்த்தி, வயிறு தரையில் உரச, அகலமாக ஒரு வட்டம் போட்டது. குரைக்கவில்லை. கடிக்கவில்லை. ஆடுகள் தாமாகவே ஒன்று சேர்ந்து நின்றன.

"ஏட்டி, ஆட்ட விரட்டுத நாய் வேற, ஆட்டக் கூட்டுத நாய் வேற" என்றீர்கள்.

ஆனால் ஜாக்குக்கு நம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. அடர்த்தியான முடி. பத்துமணி வெயிலுக்கே நாக்கைத் தொங்கவிட்டு உடைமர நிழலில் படுத்துவிடும். அந்த மூச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் உங்களுக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ராஜா வீட்டில் வெள்ளை வேட்டை நாய் ஒன்று இருந்தது. நீளக்கால், ஒட்டிய வயிறு, ரோஜா நிற மூக்கு. முயலைக் கண்டால் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். வெயில், முள் எதுவும் அதற்குக் கணக்கில்லை. ஆனால் கூப்பிட்டால் திரும்பாது.

ராஜாவிடம் நீங்கள் கேட்டீர்களா, நாய்களே முடிவுசெய்தனவா என்று கடைசிவரை எனக்குச் சொல்லவில்லை. குட்டி போட்டபோது ராஜா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம்போட்டார்.

"வெள்ள நாய்க்குச் செவலைக் குட்டிய்யா! எங்க ஆளுக மத்தியில நான் எப்படித் தலகாட்டுவேன்? அய்யோ ராமா, அத்தனையும் கொண்டுபோய்த் தள்ளப் போறேன்."

"ஒண்ணே ஒண்ண எனக்குக் குடுங்க ராஜா. உங்க வீட்டுக் குட்டின்னு ஊருல சொல்லமாட்டேன்" என்றீர்கள்.

அவர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார். அப்படி வந்ததுதான் கங்கு. வெள்ளை உடம்பில் அங்கங்கே அடுப்புக் கங்கு ஒட்டியதுபோல் சிவப்பு. ஒரு காது தகப்பனைப்போல் விறைத்தது, ஒரு காது தாயைப்போல் மடிந்தது. அடுத்த கோடையில் ஜாக் செத்தது. அதற்குள் கங்கு அதனிடம் பாதி வேலையைக் கற்றுக்கொண்டிருந்தது.

மீதிப் பாதியை நீங்கள் கற்றுக்கொடுத்தீர்கள். சீட்டியடித்தால் எழுந்து ஓட வேண்டும். கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினால் இருந்த இடத்தில் படுக்க வேண்டும். ஓடுவது அதற்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்? படுப்பதுதான் பெரும்பாடு. கடலைக் காட்டில் முயல் ஒன்று கிளம்பிய அன்று கங்கு அம்புபோல் போய்விட்டது. நீங்கள் கையை உயர்த்திக்கொண்டு பின்னாலேயே ஓடினீர்கள். முதுகுக்குப் பின்னால் தூக்கிய கையை நாய் எப்படிப் பார்க்கும் என்று நான் கேட்டேன். "அதுவும் சரிதான்" என்று அப்படியே வரப்பில் உட்கார்ந்து சிரித்தீர்கள்.

பிறகு ஒருநாள் பார்த்தேன். முயல் கிளம்பியது. கங்குவும் கிளம்பியது. நீங்கள் நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தீர்கள். அது திரும்பிப் பார்த்தது. உங்கள் கை மேலே இருந்தது. முயல் போன பக்கம் ஒருமுறை, உங்கள் பக்கம் ஒருமுறை. உடம்பெல்லாம் நடுங்க அங்கேயே படுத்தது.

"ஓட்டம் தாய் குடுத்தது. நிக்கிறது தகப்பன் குடுத்தது. நிக்கத் தெரிஞ்சாத்தான் வேலைக்கு ஆகும்" என்றீர்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்தைக்குக் கிடாய்களை ஓட்டிப் போனது நினைவிருக்கிறதா? கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மோட்டார் பஸ் ஹாரனை அடிக்க, கிடாய்கள் சிதறி ஒன்று பூக்கடைக்குள்ளும் ஒன்று பால்கோவாக் கடைக்குள்ளும் நுழைந்துவிட்டன. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். கங்கு ஒரு வண்டியின் நுகத்தடியைத் தாண்டிக் குதித்து, கடை கடையாக நுழைந்து, ஒவ்வொன்றாக வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. பஸ் டிரைவர் இறங்கி நின்று பார்த்தார். "ஏலே, இது என்ன சாதி நாய்?" என்று ஒருவர் கேட்டார். "வேலக்கார சாதி" என்றீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அதை நீங்களே சொல்லிச் சொல்லி ரசித்தீர்கள்.

இதையெல்லாம் எழுதும்போது அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மற்றதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று இங்கே நல்ல வெயில். மலைக்கு மேலே மட்டும் இருட்டிக் கிடந்தது. நான் கஞ்சி கொண்டுவந்தபோது நீங்கள் அய்யனார் கோவில் ஆற்றின் அக்கரையில் இருந்தீர்கள். மலையைப் பார்த்துவிட்டு மந்தையை இக்கரைக்குத் திருப்பினீர்கள். முழங்கால் தண்ணீர்தான். கங்கு எல்லாவற்றையும் கொண்டுவந்து என் பக்கம் சேர்த்தது. கால் நொண்டிய குட்டி ஒன்று பின்தங்கி நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு நீங்கள் நடு ஆற்றில் வரும்போது மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. தண்ணீர் செம்மண் நிறத்தில், மரமும் செத்தையுமாக வந்தது. கொஞ்ச நேரத்தில் உங்கள் இடுப்பு மறைந்தது, பிறகு மார்பு.

ஆற்றுக்குள் நிற்கும் மருத மரத்தின் வேரை நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நான் பார்த்தேன். இடது கையில் குட்டி. வலது கையில் வேர். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை.

கங்கு தண்ணீரில் இறங்கியது. இறங்கியதும் மந்தையும் கலைந்து அதன் பின்னால் ஆற்றுப் பக்கம் திரும்பியது. முன்னால் நின்ற ஆடுகள் தண்ணீரில் கால் வைத்துவிட்டன. அப்போதுதான் நீங்கள் கையை உயர்த்தினீர்கள். உள்ளங்கையைக் காட்டினீர்கள். கங்கு பாதித் தண்ணீரிலிருந்து திரும்பிக் கரையேறி, ஆற்றுக்கும் ஆடுகளுக்கும் நடுவில் படுத்தது. ஆடுகள் நின்றன.

அதற்குப் பிறகு மரத்தடியில் நீங்கள் இல்லை.

ஆட்கள் ஓடிவந்தார்கள். கயிறு கொண்டுவந்தார்கள். கங்கு மட்டும் எழவில்லை. உங்கள் சீட்டி வந்தால்தான் எழும். முன்கால்கள் தண்ணீரில் கிடக்க, உடம்பெல்லாம் நடுங்க, நீங்கள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் ஆடுகளைக் கொண்டுபோக வேண்டும் என்று என் மனத்தில் ஓடியது. அந்த நேரத்தில் அப்படி நினைத்தேன் என்பது இன்றும் எனக்குப் புரியவில்லை. கங்குவின் கழுத்தில் கைவைத்து, "போதும். எந்திரி" என்றேன். எழுந்தது. என் சொல்லுக்கு அது எழுந்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கண்மாய் மடைக்குப் பக்கத்தில் உங்களைக் கண்டெடுத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் உபதேசியார் ஜெபம் பண்ணினார். வேறு யாருடைய வீட்டுத் துக்கத்துக்கோ வந்தவள்போல் நின்றேன். பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். நான் விழப்போகவில்லை. பிடித்தால் அவர்களுக்கு ஆறுதல் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் தம்பி உலக்கையை எடுத்துக்கொண்டு கங்குவிடம் போனான்.

"மைனி, இது நாயே இல்ல. அண்ணன் முங்குதப்போ கரையில படுத்துப் பாத்துக்கிட்டு இருந்துருக்கு. நம்ம ஊரு நாயா இருந்தா குதிச்சிருக்கும்லா? இன்னைக்கே முடிச்சிருதேன்."

நான் குறுக்கே போய் நின்றேன். "அது குதிச்சது. அவியதான் கையத் தூக்கிப் படுன்னு சொன்னாவ. நான் பாத்தேன்."

"மெய்யாவா?"

"மெய்யாத்தான். சொன்ன வேலைய அது செஞ்சுச்சு. அதுக்கு அடிப்பியா?"

உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவன் தரையில் உட்கார்ந்து அழுதான். எந்தக் கையைத் தூக்கினார் என்று அவன் கேட்கவில்லை. ஊரிலும் யாரும் கேட்கவில்லை. நீங்கள் தூக்கியது வலது கை.

குட்டியை விட்டிருக்கலாம். இதை எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். இடது கையால் காட்டினால் நாய்க்குத் தெரியாது என்று நினைத்தீர்களா? பழகிய கை தானாகப் போய்விட்டதா? கங்கு வந்திருந்தால் மந்தை முழுவதும் ஆற்றோடு போயிருக்கும், மந்தை போனால் நான் எதை வைத்துப் பிழைப்பேன் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டீர்களா? அப்படியென்றால் அதை என்னிடம் கேட்டிருக்க வேண்டும். நான் கரையில்தானே நின்றேன். எனக்குக் கோபமா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளுவதுபோல் அவ்வப்போது கிள்ளிப் பார்க்கிறேன்.

மந்தையை விற்றுவிட்டு வத்திராயிருப்பில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னார்கள். போகவில்லை. துணிச்சல் என்று ஊரில் பேசுகிறார்கள். அப்படி எதுவும் இல்லை. காலையில் ஆடு கத்தும், எழுந்து திறந்துவிடுவேன். கங்குவிடம் வாயால்தான் பேசுகிறேன். "சுத்திக் கூட்டு" என்றால் கூட்டும். "படு" என்றால் படுக்கும். என் கையை அதற்கு நேராக நான் தூக்குவதில்லை.

இவ்வளவு நாளும் ஆற்றுக்கு இந்தப் பக்கமே மேய்த்துவிட்டேன். இந்த வருஷம் முடியாது. இக்கரைப் புஞ்சையெல்லாம் பருத்தி போட்டுவிட்டார்கள். புல் அக்கரையில்தான் இருக்கிறது. உங்கள் தம்பி போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கணுக்கால் தண்ணிதான் மைனி, நானும் கூட வாரேன்" என்றான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாளைக் காலையில் கடக்கிறேன். கங்குவை முன்னால் விடப்போவதில்லை. முதலில் நான் இறங்குவேன்.